குருவித் தொட்டி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கழுநீர்த் தொட்டி இருந்தது. கருங்கல்லில் குடைந்தது. அரிசி களைந்த தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் ஊற்றி வைத்தால் எருமை வந்து உறிஞ்சிவிட்டுப் போகும். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ அந்த எருமையை விற்றுவிட்டார்கள். தொட்டி காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கிற எதையும் பொறுத்துக்கொள்ள முடியாத வீடு அது. என் வயிற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் பட்டணத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. விடியற்காலையில் கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். இன்னொருவர் அவருடைய அக்கா. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். நெல் நிலத்தைக் கட்டிக் காத்தவரும் அவர்தான். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஊரில் எல்லாருக்கும் அவரிடம் பயம். எனக்குப் பயத்தோடு நிறைய மரியாதையும் இருந்தது.

ஒரு கத்திரி வெயிலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சலதாரை வாயில் சொட்டுகிற தண்ணீருக்காக ஒரு குருவி அலகைத் திறந்துகொண்டு நின்றது. சொட்டுவது சாம்பலும் புளியும் கலந்த எச்சில் தண்ணீர். அதற்கு இத்தனை காத்திருப்பா என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கையைக் கழுவிக்கொண்டு போய்க் கிணற்றில் இறைத்து அந்தத் தொட்டியை ரொப்பினேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

ரொப்பியது தப்பு என்று அன்றைக்கே தெரிந்தது. எருமைக்கு வெட்டிய தொட்டியில் குருவி எப்படிக் குளிக்கும்? விளிம்பில் வந்து உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ஒன்று தைரியமாகக் குனிந்து உள்ளே விழுந்துவிட்டது. முறத்தால் மொண்டு எடுத்து வெயிலில் போட்டேன், பிழைத்துக்கொண்டது. அப்புறம் ஆற்று மணலைச் சலித்துக் கூடையில் சுமந்து வந்து போட்டேன். ஒரு பக்கம் மேடாகவும் மறு பக்கம் பள்ளமாகவும் சரித்து, நடுவில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் படி மாதிரி பதித்தேன். மேட்டுப் பக்கம் தண்ணீர் விரற்கடை ஆழம், அங்கே சின்னதுகள். பள்ளத்தில் மைனாவும் காக்கையும். இப்படி ஏற்பாடு செய்து முடித்தால், வைக்கோற்போர் மறைவில் பக்கத்து வீட்டுப் பூனை பதுங்கி உட்கார்ந்துவிட்டது. வயல் ஆட்கள் இரண்டு பேரைக் கெஞ்சிக் கூத்தாடி, கடப்பாறை போட்டு நெம்பி, தொட்டியை நடுக்கொல்லைக்கு நகர்த்த வைத்தேன். நாலு பக்கமும் வெட்டவெளியாக இருந்தால்தான் குருவி நிம்மதியாகக் குனியும். தலைக்கு மேலே முருங்கைக் கிளை ஒன்று நீண்டிருந்தது. நனைந்த சிறகைக் கோத அது போதும்.

வைத்துவிடுவது பெரிய வேலையில்லை. காப்பாற்றுவதுதான் வேலை. தினமும் காலையில் நேற்றைய தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு கனகாம்பரச் செடிக்கு ஊற்ற வேண்டும். ஒரு நாள் சோம்பினால் புழு நெளியும். தேங்காய் நாரில் செங்கல் பொடியைத் தொட்டுப் பாசியைத் தேய்க்க வேண்டும். சீயக்காய்த் தூள் போட்டால் சுலபமாக இருக்குமே என்று ஒரு தரம் போட்டேன்; அன்று முழுக்க ஒரு குருவிகூட வாய் வைக்கவில்லை. மணலை அவ்வப்போது வாரி வெயிலில் காயவைக்க வேண்டும். சித்திரை வைகாசியில் மத்தியானம் தண்ணீர் வெந்நீராகிவிடும், மறுபடியும் மாற்ற வேண்டும்.

இதில் காக்கைகள் செய்கிற அட்டூழியம் தனி. மீன் தலை, எலி வால், எந்த வீட்டிலோ திருடிய வடை எல்லாவற்றையும் கொண்டுவந்து ஊறப்போட்டுத் தின்னும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து பந்திக்கு முந்துகிறவர்கள் மாதிரி சண்டை போடும். சிட்டுக்குருவிகள்தான் கடைசியில் வரும். வந்தால் கொத்தாக வரும். மேட்டுப் பக்கத்து விரற்கடைத் தண்ணீரில் வயிற்றை வைத்துச் சிறகை அடித்துக்கொண்டு அவை குளிக்கிற சத்தத்தை அடுப்படியிலிருந்தே கேட்பேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

காக்கைகளையாவது மன்னிக்கலாம். மனுஷர்களை? அண்ணி அதில் கீரை அலசுவார். என் கணவர் ரயிலிலிருந்து வந்ததும் கரி படிந்த காலை அதில்தான் விடுவார். தெருவில் போகிற பெண்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "பாவம், அதுக்கும் பொழுது போவணுமே" என்று எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டு போவார்கள். அண்ணி நேராகவே கேட்பார்.

"ஏண்டி, ஊட்ல ஒரு கொழந்த சத்தம் இல்ல. நீ கொல்லையில குருவி சத்தம் கேட்டுக்கினு குந்தினு இருக்கியா?"

சும்மா குருவி சத்தம் கேட்டுக்கொண்டா உட்கார்ந்திருந்தேன்? பிள்ளைக்காக நான் செய்யாதது என்ன? அரசமரம் சுற்றினேன். அமாவாசைக்கு அமாவாசை திருவள்ளூருக்குப் போய்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். ஆடி மாசம் அம்மன் கோயில் வாசலில் மண்சோறு தின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டிபோட்டு, கழுவிவிட்ட தரையில் வைத்த சோற்றை வாயால் எடுத்துத் தின்ன வேண்டும். ஊர் சுற்றி நின்று பார்த்தது. என் கணவர் கூட்டத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் ஒட்டிய பருக்கையை நான் துடைத்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

அந்த ஆவணியில் அண்ணி முடிவாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு நேரம். தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

"தை பொறக்கறதுக்குள்ள வயித்துல ஒண்ணும் இல்லேன்னா, நைனா, ஒனக்கு வேற பாக்கறதுதான். பேரம்பாக்கத்துல நம்ம ஒறவுல ஒரு பொண்ணு இருக்குது. ஏழப்பட்டவங்க, கொடுத்துருவாங்க. இவ பாட்டுக்கு இவ ஒரு ஓரமா இருக்கட்டும், யாரும் தொரத்தல."

ஒரு மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம் வந்திருப்பதாக நான் பேப்பரில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"சட்டம் வந்து புள்ள பெத்துக் குடுக்குமா?" என்றார் அண்ணி.

என் கணவரைப் பார்த்தேன். அவர் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். எனக்கோ போக்கிடம் கிடையாது. அப்பா போய்விட்டார், அண்ணன் வீட்டில் அவர்களுக்கே இடம் இல்லை. ஓரமாக இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் வாழ்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்குத் துணி துவைத்துக்கொண்டு, அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டு, கிழவியாகிச் சாவது.

புரட்டாசியில் மீஞ்சூரில் என் தங்கைக்கு வளைகாப்பு. போனேன். பிள்ளை பெறாதவள் வளையல் போடக் கூடாது என்று என்னைப் பின்னால் நிறுத்தினார்கள். நான் தூக்கி வளர்த்த தங்கை. அவள் கையில் நான் வளையல் போட்டால் அவள் பிள்ளைக்கு ஆகாதாம். சரி என்று சந்தனம் கரைத்துக் கொடுத்துவிட்டு, நாலு நாள் இருந்து வேலையெல்லாம் செய்துவிட்டு ஊர் திரும்பினேன்.

திரும்பியதும் நேரே கொல்லைக்குத்தான் போனேன். தண்ணீர் கலங்கி நாறிக்கொண்டிருந்தது. மணலில் மனுஷக் கால் தடம். ஓரமெல்லாம் பழுப்பும் சாம்பலுமாகச் சின்னச் சின்ன இறகுகள்.

"பூன பூந்துருச்சி போல," என்றார் அண்ணி, நான் கேட்பதற்கு முன்பே.

தொட்டியைத் தேய்த்துக் கழுவி மணல் மாற்றினேன். கொத்தாக வந்துகொண்டிருந்த சிட்டுக்குருவிகளில் நாலைந்துதான் வந்தன. அவையும் தண்ணீரில் இறங்காமல் முருங்கைக் கிளையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. பூனை ஒன்று இத்தனையை எப்படித் தின்னும் என்று தோன்றாமல் இல்லை. அண்ணியைக் கேள்வி கேட்கிற தைரியம்தான் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பீங்கான் ஜாடி வந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு எடுத்து, பாலோடு எனக்குக் கொடுத்தார் அண்ணி. கறுப்பாக, நெய் மிதக்க, திப்பிலியும் பனைவெல்லமும் மணக்கும். அடியில் வேறொரு வாடை இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "கெர்ப்பப்பைக்கு மருந்து. நல்ல வைத்தியரு. மூஞ்சியச் சுளிக்காம முழுங்கு," என்றார். முழுங்கினேன். தைக்கு முன்னால் என்ன கொடுத்திருந்தாலும் முழுங்கியிருப்பேன். அண்ணிக்கு என் மேல் இத்தனை அக்கறையா என்று மனசு இளகிக்கூடப் போனேன். விரலில் ஒட்டியதை வீணாக்காமல் நக்கியிருக்கிறேன். அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

ஐப்பசியில் மழை விட்டு வெறித்திருந்த ஒரு பகல். அண்ணி கழனிக்குப் போயிருந்தார். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. அண்ணிக்கு மருந்து கொடுத்த வைத்தியர். பின்னால் தோளில் வலையோடு ஓர் ஆள்.

"பெரியம்மா இல்லியா?"

"கழனிக்குப் போயிருக்காங்க. இன்னா வேணும்?"

"சொம்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஐயா மருந்து ஒழுங்கா சாப்புடறாரா? பத்தியம் இருக்காரா?"

"எந்த ஐயா?"

"ஒன் ஊட்டுக்காரரும்மா. லேகியம் குடுத்தேனே. புளி சேக்கக் கூடாதுன்னு பெரியம்மாகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன்."

"அவரு எதுவும் சாப்புடலியே. எனக்குத்தான் குடுக்கறாங்க."

அவர் முதலில் நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"பொம்பளைக்கு இது எதுக்கும்மா? இது ஆம்பளைங்க சமாச்சாரம். சிட்டுக்குருவி லேகியம். தாதுபுஷ்டிக்கு. நீ துன்னு இன்னா ஆவப்போவுது?"

எனக்கு உடனே புரிந்துவிடவில்லை. அதற்குள் வலைக்காரன் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்துவிட்டான். வைத்தியர் எனக்கு விளக்கம் சொல்வது போலப் பேசிக்கொண்டே போனார்.

"போன தபா புடிச்சது பத்தல. அதான் இன்னும் கொஞ்சம் வேணும்னு வந்தோம். ஒங்க கொல்லக் குருவி மாரி எங்கியும் கெடைக்காது. நல்லா கொழுகொழுன்னு இருக்குது. தண்ணி வச்சுப் பழக்கி வச்சிருக்கீங்களே, வலைய விரிச்சா அதும்பாட்டுக்கு வந்து குந்துது. பேஜாரே இல்ல."

நான் வாந்தி எடுத்தேன். வாசற்படியிலேயே எடுத்தேன். அது அடங்கியதும் உள்ளே போய் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அவன் தொட்டியைச் சுற்றி வலையை விரித்துக்கொண்டிருந்தான். வலையைக் காலால் மிதித்துக்கொண்டு குறுக்கே ஒரே கிழி. அவன் "யம்மா, யம்மா" என்று பின்வாங்கினான். வைத்தியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, "நீங்கதான் கூப்ட்டீங்க, நீங்கதான் தொரத்துறீங்க," என்று முணுமுணுத்தபடியே போனார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய கோபம் இல்லை. அந்த விஷயத்தில் உண்மை பேசிய முதல் ஆள் அவர்தான்.

நான் கறி மீன் தின்னாதவள் இல்லை. கோழியை அறுத்துச் சுத்தம் செய்கிற கைதான் இது. ஆனால் கோழியை வளர்ப்பதே அறுப்பதற்கு என்று கோழி வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். இந்தக் குருவிகளை நான் கூப்பிட்டேன். பயப்படாமல் குனியலாம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் பழக்கினேன். நான் மணல் சலித்துப் போட்ட இடத்தில் வைத்துப் பிடித்து, எனக்கே கொடுத்து, எனக்கே தெரியாமல் தின்ன வைத்திருக்கிறார்கள். அதே அண்ணி, கூடத்துச் சாமி படத்துக்குப் பின்னால் குருவி கூடு கட்டினால் ஒட்டடைகூட அடிக்க விடமாட்டார். லட்சுமி வந்திருக்கிறாள் என்பார். கூடத்தில் கூடு கட்டினால் லட்சுமி, கொல்லையில் குளித்தால் லேகியம். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாயங்காலம் என் கணவர் வந்து கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். இலை போட்டேன். சோறு வைக்கவில்லை. ஜாடியைக் கொண்டுவந்து இலை நடுவில் வைத்தேன்.

"இன்னா இது?" என்றார்.

"மருந்து. ஒங்களுக்கு. சாப்புடுங்க."

அண்ணி கதவோரம் நின்றிருந்தார். முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஏண்டி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எந் தம்பிக்கு இன்னா கொற, மருந்து துன்ன?"

"வைத்தியரு வந்தாரு அண்ணி. இது ஆம்பளைக்குன்னு ஒங்ககிட்ட சொல்லித்தான் குடுத்தேன்னாரு."

"சொன்னாரு. அதுக்கு? ஆம்பளகிட்ட போயி இதத் துன்னுன்னு எந்த வாயால சொல்றது? மனசு ஒடஞ்சி பூடாது? புருசன் பொண்டாட்டின்னா ஒரே ஒடம்புதானே. யாரு துன்னா இன்னா, போயி சேர்ற எடம் ஒண்ணுதானே?"

அவர் இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே நம்பிச் சொன்னார். நிலத்துக்கு எரு எத்தனை வண்டி, விதை நெல் எத்தனை மரக்கால் என்று விரல்நுனியில் வைத்திருந்த மனுஷி. ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்களை வாயடைக்க வைத்தவர். அவரால் தம்பியிடம் ஒரு நெல்லிக்காய் அளவு மருந்தை நீட்ட முடியவில்லை. அந்தக் கூச்சத்துக்கு என் குருவிகள் செத்தன. அந்தக் கூச்சத்துக்குத்தான் என் வாழ்க்கையையும் ஓரம் கட்டப் பார்த்தார்கள். அண்ணி மேல் வைத்திருந்த மரியாதை எனக்கு அந்த நிமிஷம் போயிற்று.

என் கணவர் ஜாடியையும் தொடவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒன் மேல தப்பு இல்ல," என்றார்.

"அது எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

நார் கையிலேயே நின்றுவிட்டது. அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆபீஸ்ல கூட வேல செய்யறவரு ஒருத்தரு பட்டணத்துல ஒரு பெரிய டாக்டருகிட்ட இட்டுக்கினு போனாரு. டெஸ்ட் பண்ணிப் பாத்தாரு. எனக்குக் கொழந்த பொறக்காதுன்னு சொல்லிட்டாரு."

"எப்போ?"

"ஆச்சு, ரெண்டு வருசம்."

ரெண்டு வருஷம். எனக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்றது. நான் குளத்தில் கரைத்த வெல்லம். சுற்றிய மரம். தங்கை வீட்டில் பின்னால் நின்றது. அன்றாடம் முழுங்கிய கறுப்பு உருண்டை. கூட்டத்தில் துண்டோடு நின்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆள்.

"நான் மண்சோறு துன்னப்பவும் ஒனக்குத் தெரியும்?"

அவரை நான் நீ என்று பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையை ஆட்டினார்.

"அந்தப் பேரம்பாக்கத்துப் பொண்ண இட்டாந்து அவளுக்கும் லேகியம் குடுப்பியா? அவ துன்னறதுக்குக் குருவி எங்க போயி புடிப்பீங்க, அக்காளும் தம்பியும்?"

அவர் அழுதார். நல்லவர்தான். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், திட்ட மாட்டார். வாயைத் திறக்க மாட்டார், அவ்வளவுதான். வாயைத் திறக்காத நல்லவரோடு குடும்பம் நடத்திய பெண்களுக்கு நான் சொல்வது புரியும். அழுது முடித்துவிட்டு அவர் கேட்டது மன்னிப்பு அல்ல.

"வெளிய சொல்லிடாத. அக்கா தாங்காது. ஊர்ல தல காட்ட முடியாது."

நான் தலையை ஆட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கையிலிருந்த நாரை அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னொரு கல்யாணம்ன்ற பேச்ச இன்னிக்கே நிறுத்து. நாளையிலேந்து இந்தத் தொட்டிய நீதான் தேய்க்கணும். நீதான் எறைக்கணும். நீ உசுரோட இருக்கற வரைக்கும்."

அன்றைக்கே அக்காவிடம் சொன்னார். காரணம் சொல்லவில்லை, வேறு கல்யாணம் பேசினால் பட்டணத்திலேயே தங்கிவிடுவேன் என்று மட்டும் சொன்னார். நான் சொக்குப்பொடி போட்டு மயக்கிவிட்டேன் என்று அண்ணி தெருவெல்லாம் சொன்னார். மறுநாள் முதல் விடிகிற நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தொட்டியைத் தேய்ப்பார். தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடுவார். அண்ணி அடுப்படியில் மூக்கைச் சிந்துவார். "ராசா மாரி வளத்தேன். குருவிக்கித் தண்ணி தூக்க வச்சிட்டாளே." வேலியோரம் பெண்கள் நின்று சிரிப்பார்கள். பெண்டாட்டிதாசன் என்று பெயர் வந்தது. வரட்டும் என்று இருந்தேன். எனக்கு வந்த பெயரைவிட அது கேவலமான பெயர் இல்லை.

குருவிகள் பழையபடி கொத்தாக வர ரொம்ப நாள் ஆயிற்று. அதற்குள் அவருக்கு வேலை பழகிவிட்டது. முதலில் கடனே என்று தேய்த்தவர், பிறகு என்னைவிட நன்றாகத் தேய்த்தார். லீவு நாளில் மத்தியானம் புறங்கையை விட்டுச் சூடு பார்த்துத் தண்ணீர் மாற்றுவார். மணலைக் கழுவி உலர்த்துவதில் அவருக்கு ஒரு கிரமம் வந்துவிட்டது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, குஞ்சு ஒன்று முதல் தடவையாகத் தண்ணீரில் இறங்குவதைக் காட்டினார். இரண்டு பேரும் நின்று பார்த்தோம். அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பார்க்க நன்றாக இருந்தது, பார்த்தேன்.

அண்ணி கடைசிவரை உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். படுக்கையில் கிடந்தபோது அவருக்குச் சோறு ஊட்டியவள் நான். ஊட்டிய கையைப் பிடித்துக்கொண்டே, "ஒனக்கு ஒண்ணு பொறந்திருந்தா எந் தம்பி வம்சம் நின்னிருக்கும்," என்பார். என் கணவர் அப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அப்போதாவது சொல்வார் என்று ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்ப்பேன். சொன்னதில்லை.

அவரும் போய்விட்டார். துக்கம் கேட்க ஊரே வந்தது. அவருக்கு அதற்குள் பெரிய பெயர். பெண்டாட்டிதாசன் என்று சிரித்தவர்கள் எப்போது புண்ணியவான் என்று மாற்றிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வேலியோரம் நின்று சிரித்தவர்களில் ஒருத்தி, இப்போது பேரன் பேத்தி எடுத்தவள், என் எதிரில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பேர்ப்பட்ட மனுசன். வாயில்லாத ஜீவனுக்கு அத்தினி வருசம் தண்ணி வச்ச புண்ணியவான். அவருக்குப் போயி ஒரு புள்ள இல்லாம பூட்டுதே. இன்னா பண்றது, கட்டிக்கினு வந்தது அப்படி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். சாவு வீடு என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது பேசுகிறேன். மலடி நான் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் இன்னும் மிச்சம் இருக்கிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.